கருணையா, உரிமையா: ஓய்வூதியம் நீதிமன்றப் படியேறிய வரலாறு

பெங்களூருவின் ஜீவனஹள்ளியில், காக்ஸ் டவுனை ஒட்டிய ஏதேனும் ஒரு தெருவில், இரண்டு முதியவர்களை எண்ணிக்கொள்வோம். ஒருவர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். நவம்பர் மாதம் வந்தால் தாம் உயிரோடிருப்பதற்கான சான்றை அளித்துவிட்டு ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறுபவர். எதிர்வீட்டிலிருக்கும் மற்றொருவர் வாழ்நாள் முழுதும் கட்டட வேலையிலோ வீட்டு வேலையிலோ உழன்றவர். கர்நாடக அரசின் சந்தியா சுரக்ஷா திட்டத்தின்கீழ் மாதத் தொகை பெறுபவர். இருவருமே அதனைப் 'பென்ஷன்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு மாதம் இருவருக்குமே பணம் வராமல் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அவ்விரு நிறுத்தங்களும் ஒன்றல்ல. முதலாமவரிடமிருந்து பறிக்கப்பட்டது அவருடைய சொத்து. இரண்டாமவருக்கு நின்றுபோனது ஒரு 'நலன்'.

இந்த வேறுபாட்டை நான் புனையவில்லை. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இக்கோட்டைத் தெளிவாகவே வரைந்தது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதே இப்பதிவின் பொருள். சட்டம் பயிலும் மாணவர்கள் 1971இலிருந்தோ 1982இலிருந்தோ கதையைத் தொடங்குவது வழக்கம். ஆனால் கோட்டின் வேர் தஞ்சாவூரில் இருக்கிறது.

அதற்கும் முன்னே ஒரு சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் அலுவலர்க்கும் படையினர்க்கும் பணிக்கு ஈடாக விடப்பட்ட நில வருவாய் 'ஜீவிதம்' எனப்படுகிறது. போரில் மாண்டவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் 'உதிரப்பட்டி' என்று பெயர்பெற்றது. ஜீவனம், ஜீவிதம், ஜீவனாம்சம், ஜீவனஹள்ளி ஆகிய யாவும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. அதற்குமேல் அதில் வரலாற்றுப் பொருளேதும் தேட வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, உதிரப்பட்டி கொடுத்த அரசனை எதிர்த்து உதிரப்பட்டி பெற்றவன் வழக்காடக்கூடிய வேறொரு மன்றம் இருக்கவில்லை என்பதைத்தான். கொடுப்பவனும் தீர்ப்பவனும் ஒருவனே. குடியேற்ற ஆட்சி அந்த நிலையை மாற்றியதா என்பதுதான் வினா.

தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசுரிமை அற்றுவிட்டதாக அறிவித்ததோடு நில்லாமல், அரண்மனைக்குள் இருந்த அணிகலன்கள் உள்ளிட்ட தனிச் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் சென்னையிலிருந்த சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அரசு போனால் போகட்டும்; கணவரின் தனிச் சொத்து இந்து சட்டப்படி மனைவியைச் சேர வேண்டும் என்பது அவருடைய வாதம். சென்னை நீதிமன்றம் அரசிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கம்பெனியின் செயலைக் கம்பெனி ஆட்சியின் தலைநகரிலேயே ஒரு நீதிமன்றம் செல்லாதென்றது எளிய செய்தியன்று.

மேல்முறையீடு லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1859இல் லார்டு கிங்ஸ்டவுன் அளித்த தீர்ப்பு அனைத்தையும் தலைகீழாக்கியது. கம்பெனி செய்தது சட்டத்தின்கீழ் உரிமை கோரிச் செய்த பறிமுதல் அன்று. அது இறைமை பெற்ற ஓர் ஆற்றல் மற்றோர் அரசின்மீது செய்த அரசுச் செயல். அது நியாயமா அநியாயமா, அறிவுடைமையா அறிவின்மையா என்று ஆராயும் அதிகாரம் எந்த நகராட்சிச் சட்ட நீதிமன்றத்துக்கும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் 1862இல் அரசாங்கம் அச்சொத்துகளை அரச குடும்பத்துக்கே திருப்பித் தந்தது. கிடைத்தது என்னவோ அதே சொத்துதான். ஆனால் தீர்ப்பினால் உரிமையாகக் கிடைக்காமல் அரசாங்கத்தின் கருணையால் கொடையாகக் கிடைத்தது. பிற்காலத்தில் அக்குடும்பத்தின் பெண்களிடையே இச்சொத்தின் பங்குரிமை பற்றி எழுந்த வழக்குகளில், இது மரபுரிமையா புதிய கொடையா என்ற கேள்வியே மையமாக நின்றது. கருணை என்பது வெறும் மரியாதைச் சொல்லன்று. அதற்குச் சட்ட விளைவு உண்டு.

தஞ்சாவூர் வழக்கு ஓர் அரச குடும்பத்தின் வழக்கு. ஆனால் அதே தர்க்கம் சிறிய மனிதர்களுக்கும் விரிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1831ஆம் ஆண்டின் நான்காம் ரெகுலேஷன் ஏற்கெனவே, அரசாங்கம் வழங்கிய பணக் கொடை, நில வருவாய்க் கொடை ஆகியவற்றைப் பற்றிய உரிமைக் கோரல்களை நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. இதன் நோக்கம் கொடை பெற்றவர்களைக் காப்பதாம். கடன்காரர்களும் பங்காளிகளும் வழக்காடிக் கொடையைக் கரைத்துவிடாமல் காப்பது என்பது முற்றிலும் பொய்யான காரணமும் அன்று. 1871ஆம் ஆண்டின் 23ஆம் சட்டமான ஓய்வூதியச் சட்டம் இதனை இந்தியா முழுமைக்கும் பொதுவாக்கியது.

அந்தச் சட்டத்தை மாணவர்கள் ஒருமுறையேனும் முழுதாகப் படிக்க வேண்டும். பத்து நிமிடங்களில் படித்துவிடலாம். அதன் 4ஆம் பிரிவு, அரசாங்கம் வழங்கிய ஓய்வூதியம் குறித்த எந்த வழக்கையும் உரிமையியல் நீதிமன்றம் ஏற்கலாகாது என்கிறது. 5ஆம் பிரிவு, கோரிக்கையுடையவர் கலெக்டரிடம் போகலாம் என்கிறது. 6ஆம் பிரிவு, கலெக்டர் ஒரு சான்றிதழ் அளித்தால் நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம் என்று கதவைச் சிறிதே திறந்து, அப்போதும் அரசாங்கத்தின் கொடுக்கும் பொறுப்பை நேராகவோ மறைமுகமாகவோ பாதிக்கும் எந்த ஆணையும் பிறப்பிக்கக் கூடாதென்று அக்கதவை மறுபடி சாத்திவிடுகிறது. அதாவது இரு சகோதரர்கள் ஓர் ஓய்வூதியத்துக்காகத் தமக்குள் சண்டையிட்டுக்கொள்ளலாம், அதுவும் கலெக்டர் அனுமதித்தால். அரசாங்கத்தோடு மட்டும் சண்டையிட முடியாது. மறுபுறம் 11ஆம் பிரிவு, ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாதெனக் காக்கிறது. பிறரிடமிருந்து காத்து, தன்னிடமிருந்து மட்டும் காவாமல் விடுவதுதான் புரவலனின் இயல்பு. இச்சட்டத்தின் குணமும் அதுவே.

இந்த ஏற்பாட்டின் வெம்மையை நேரில் உணர்ந்தவர்களுள் சென்னை மாகாணத்து ஊழியர் இருவரை 1937ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதிகளில் காணலாம். வெங்கட ராவ் சென்னை அரசு அச்சகத்தில் பணியாற்றியவர். தேர்வு வினாத்தாள் கசிந்த விவகாரத்தில் ஐயத்தின்பேரில் நீக்கப்பட்டார். விதிகள் சொல்லிய விசாரணை முறைப்படி நடக்கவில்லை. ஆயினும் அவ்விதிகள் நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்தத்தக்கவையல்ல, நிர்வாகத்தின் மேல்நிலையிலேயே முறையிட்டுக்கொள்ள வேண்டியவை என்று பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. ரங்காச்சாரி ஒரு காவல் துணை ஆய்வாளர். உடல்நலக் குறைவின் அடிப்படையில் ஓய்வூதியத்தோடு வெளியேற அனுமதிக்கப்பட்டவர். சில மாதங்கள் சென்றபின், முன் தேதியிட்டு, பணியிலிருந்தே அகற்றப்பட்டதாக ஆணை வந்தது. பணியில் இல்லாத ஒருவரைப் பணியிலிருந்து நீக்கும் ஆணை வெற்றாணையே என்று பிரிவி கவுன்சில் ஏற்றது. சட்டப்படி அவர் வென்றார் எனலாம். ஆனால் ஓய்வூதியத் தொகையை அரசாங்கத்திடமிருந்து வழக்காடிப் பெறும் வழியை 1871ஆம் ஆண்டுச் சட்டம் மறித்துக்கொண்டே நின்றது. வெற்றாணை எதுவென்று சொல்ல முடியும். பணத்தைக் கொடு என்று சொல்ல முடியாது.

பெங்களூருவின் நிலை இன்னும் சிக்கலானது என்பதை இங்கே ஓரடியில் சொல்லிச் செல்கிறேன். 1881இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது கண்டோன்மென்ட் பகுதி ஆங்கிலேயர் வசமே நின்றது. அங்கே உயர் நீதிமன்ற அதிகாரத்தைச் செலுத்தியதும் ரெசிடெண்டின் நீதிமன்றமே. 1947 ஜூலை 26 அன்றுதான் அது மைசூரிடம் மீண்டது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த அப்பகுதியில், நிர்வாகத் தலைவரும் நீதித் தலைவரும் ஒருவராகவே இருந்த காலம் நம் பாட்டன்மார் காலம்.

குடியரசு பிறந்தபின் நிலை உடனே மாறியதென எண்ணுவது பிழை. 1960ஆம் ஆண்டுத் தொகுதியில் பதிவான நரசிம்மாச்சார் எதிர் மைசூர் அரசு என்ற வழக்கைப் பாருங்கள். மைசூர்ப் பணிவிதிகளில், முழு ஓய்வூதியம் தானாக வருவதன்று, ஆற்றிய பணி முற்றிலும் ஏற்புடையதாக இருந்தால் மட்டுமே அது வழங்கப்படும் என்றொரு விதி இருந்தது. அதன்படி ஒருவருடைய ஓய்வூதியம் குறைக்கப்பட்டது. அது தண்டனையே, ஆகவே அரசமைப்பின் 311ஆம் உறுப்பு தரும் பாதுகாப்பு எனக்கு உண்டு என்று அவர் வாதிட்டார். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பெங்களூருவிலிருந்து டெல்லி வரை சென்ற அந்த ஊழியர் வெறுங்கையோடு திரும்பினார்.

திருப்பம் பீகாரிலிருந்து வந்தது. தேவகிநந்தன் பிரசாத் கல்வித்துறை அலுவலர். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பணிக்கு வரவில்லை என்று கூறி, அவர் பணியில் இருப்பவரே அல்லர் என 1966இல் அரசு ஆணையிட்டது. ஓய்வூதியம் கேட்டபோது, வழங்க இயலாதென 1968இல் பதில் வந்தது. அவர் 32ஆம் உறுப்பின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அடிப்படை உரிமை மீறப்பட்டாலன்றி அந்தக் கதவு திறக்காது. எனவே ஓய்வூதியம் ஒரு சொத்தா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நீதிமன்றம் நகர முடியாத நிலை. 1971 மே மாதத்தில், நீதிபதி வைத்தியலிங்கம் எழுதிய ஐவர் அமர்வின் தீர்ப்பு, ஓய்வூதியம் அரசின் விருப்பப்படி அளிக்கப்படும் கொடையன்று, அது சொத்து, அதனைச் சட்ட அதிகாரமின்றி மறுப்பது 19(1)(எஃப்), 31(1) ஆகிய உறுப்புகளுக்கு மாறானது என்றது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை என்னவாயிற்று? அது உரிமையியல் வழக்குகளுக்கான தடைதான். செயலுறுத்தும் நீதிப்பேராணையை அது தடுக்காது என்றது தீர்ப்பு. பழைய சுவரை இடிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு பாதை போடப்பட்டது. சட்டம் இயற்றப்பட்டுச் சரியாக நூறாண்டுகள் கழித்து.

அடுத்த ஆண்டே, 1972இல், பஞ்சாப் அரசு எதிர் கே.ஆர். எர்ரி வழக்கில், ஓய்வூதியத்தைக் குறைப்பதற்குமுன் உரியவருக்கு விளக்கமளிக்க வாய்ப்பளிக்க வேண்டும், அவ்வாறு அளிக்காதது இயற்கை நீதிக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. மைசூர் நரசிம்மாச்சார் கேட்டுப் பெறாதது வேறொரு பெயரில் இங்கே கிடைத்தது.

இந்த இடத்தில் கடல்கடந்து ஒரு பார்வை தேவை. 1970 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் ஏறத்தாழ இதே கேள்விக்கு விடை கண்டது. அரசு உதவித்தொகையை நிறுத்துமுன் பெறுபவரை விசாரிக்க வேண்டும். பிறகு விசாரிப்பது போதாது என்றது. ஓராண்டு இடைவெளியில் வந்த இரு தீர்ப்புகளும் சலுகை என்ற சொல்லை ஒதுக்கின. ஆனால் நியூயார்க் வழக்கில் வந்து நின்றவர்கள் நகரத்து ஏழைகள். இந்திய வழக்கில் வந்து நின்றவர் அரசு அலுவலர். இந்தியச் சட்டத்தின் பாதை இங்கேதான் பிரிகிறது என்பது என் கணிப்பு. நம் நீதிமன்றங்கள் ஓய்வூதியத்தை உரிமையாக்கியபோது அதற்குச் சொன்ன முதன்மையான காரணம், அது கடந்தகால உழைப்பின் ஈட்டம் என்பதே. தேவை என்பது இரண்டாம் காரணமாகவே நின்றது. ஈட்டியவருக்கு அந்தத் தர்க்கம் அரணாயிற்று. அதே தர்க்கம் அரசிடம் ஊதியம் பெறாமல் உழைத்தவரை வெளியே நிறுத்தியது.

1982 டிசம்பர் 17 அன்று வந்த நகாரா தீர்ப்பைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. ஓய்வூதியர் நாளாக அத்தேதி இன்றும் கொண்டாடப்படுகிறது. 1979 மார்ச் 31 அல்லது அதற்குப்பின் ஓய்வுபெற்றோர்க்கு மட்டும் தாராளமாக்கப்பட்ட கணக்கீடு என்ற பிரிவினையை நீதிபதி தேசாய் எழுதிய தீர்ப்பு 14ஆம் உறுப்பின்கீழ் நீக்கியது. 1972இல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஓய்வுபெற்ற நகாராவும் அந்த வரம்புக்குள் வந்தார். ஆனால் 1990இலும் 1991இலும் வந்த தீர்ப்புகள் இதன் வீச்சை விரைந்து சுருக்கின. சொத்துரிமையே 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி, 1979 ஜூனிலிருந்து 300-ஏ உறுப்பாகச் சுருங்கியிருந்தது. எனினும் 2013இல் ஜார்க்கண்ட் வழக்கொன்றில், அந்த 300-ஏ உறுப்பின்படியேகூட வெறும் நிர்வாக அறிவுறுத்தலைக் கொண்டு ஓய்வூதியத்தை நிறுத்திவைக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சட்டத்தைக் கொண்டு? அதற்குத் தடையில்லை. 2025 மார்ச்சில் நிறைவேறிய நிதிச் சட்டம், ஓய்வுபெற்ற தேதியின் அடிப்படையில் ஓய்வூதியர்களை வேறுபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டென்று, 1972 ஜூன் 1 முதலே இருந்ததைப்போல் சரிபார்த்துக்கொண்டது. நகாராவுக்கு விடையாக எழுதப்பட்ட ஏற்பாடு இது என ஓய்வூதியர் சங்கங்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

இனி எதிர்வீட்டுக்கு வருவோம். முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசும் 41ஆம் உறுப்பு அரசு நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்று. 37ஆம் உறுப்பு அதனை நீதிமன்ற வழி வலியுறுத்த முடியாததாக்குகிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோர்க்கு மத்திய அரசு தரும் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய். 80 வயதானோர்க்கு 500. மேற்கொண்டு தருவது மாநிலங்கள். கர்நாடகம் 65 வயதைக் கடந்த, வருவாய் குறைந்த முதியோர்க்காக 2007இல் சந்தியா சுரக்ஷாவைக் கொண்டுவந்தது. இத்தொகைகளை நீதிமன்ற மொழியில் உரிமையாக்கும் பெரிய முயற்சி உணவுரிமை வழக்கில் நிகழ்ந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அவ்வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட எட்டுத் திட்டங்களின் பயன்களைச் சட்டப்படி கேட்டுப்பெறத்தக்கவையாக்கியது. ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அவை இடைக்கால ஆணைகள். ஒரு வழக்கின் ஆயுளோடு கட்டுண்டவை.

ஆதார் வழக்கைத் தொடுத்தவர் பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012இல் மனு, 2017இல் அந்தரங்க உரிமை குறித்த ஒன்பது நீதிபதிகளின் புகழ்பெற்ற தீர்ப்பு, 2018இல் ஆதார் சட்டம் குறித்த ஐவர் தீர்ப்பு. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, தொகு நிதியத்திலிருந்து செலவிடப்படும் மானியங்களுக்கும் நலன்களுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க அனுமதிக்கிறது. பெரும்பான்மை நீதிபதிகள் அப்பிரிவை ஏற்றுக்கொண்டே அதன் எல்லையைச் சுருக்கினர்: குறிப்பிட்ட ஒடுக்குண்ட பிரிவினருக்கு அரசு வழங்கும் உதவிகளே 'நலன்', அரசு ஊழியரின் ஓய்வூதியம்போல் ஒருவர் ஈட்டிய பயன் அவருடைய உரிமை, எனவே அது 7ஆம் பிரிவில் அடங்காது. அடையாள உறுதிப்பாடு தோற்றுப்போவதால் எவரும் பயனை இழந்துவிடக் கூடாதென்றும் அவர்கள் சொன்னார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. நீதிபதி சந்திரசூட் மட்டும் சட்டத்தையே ஏற்க மறுத்தார்.

தேவகிநந்தன் பிரசாத் பெற்ற வெற்றி நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு பிரிசுவராக உருமாறியதை இங்கே காண்கிறோம். 1859இல் கருணைக்கும் உரிமைக்கும் இடையிலான கோடு அரசாங்கத்துக்கும் மற்றெல்லாருக்கும் இடையே ஓடியது. 2018இல் அதே கோடு ஜீவனஹள்ளித் தெருவின் நடுவே ஓடுகிறது. கோடு அழியவில்லை, நகர்ந்தது.

மன்றங்களின் அமைப்பிலும் இதனைக் காணலாம். மத்திய அரசின் ஓய்வூதியருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு இருக்கிறது. மாநில ஊழியர்க்குத் தனித் தீர்ப்பாயம். இரண்டின் முடிவுகளையும் 1997ஆம் ஆண்டின் சந்திரகுமார் தீர்ப்பின்படி உயர் நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம். முதியோர் உதவித்தொகை பெறுபவருக்கென ஒரு தீர்ப்பாயம் இந்தியாவில் எங்கும் இல்லை. பிரிட்டனில் இத்தகைய தொகைகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. நம்மவருக்கு எஞ்சுவது சகாலா சட்டத்தின்கீழ் அதே துறையின் மேலதிகாரியிடம் முறையிடுவது, அல்லது 226ஆம் உறுப்பின்கீழ் ஒரே தாவலில் உயர் நீதிமன்றத்தை அடைவது. மாதம் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்காக வழக்கறிஞர் வைத்து ரிட் மனு போடுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அதற்கு இலவசச் சட்ட உதவி உண்டே என்பீர்கள். உண்டு, கன்னடத்தில் வந்த நிராகரிப்புக் கடிதம் மறுதலிக்கத்தக்கது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

உயர் நீதிமன்றம் ஜீவனஹள்ளியிலிருந்து தொலைவிலும் இல்லை. கப்பன் பூங்காவின் ஓரத்தில், 1868இல் பதினெட்டுத் துறைகளின் அலுவலகமாகக் கட்டி முடிக்கப்பட்டு, இன்றும் 'அட்டார கச்சேரி' என்றே அழைக்கப்படும் அந்தச் செந்நிறக் கட்டடத்தில் அது அமர்ந்திருக்கிறது. கச்சேரியிலிருந்து தப்பி நீதிமன்றத்துக்கு வருபவர் மறுபடி ஒரு கச்சேரிக்குள்ளேயே நுழைகிறார் என்று இதைப் பார்த்து நகைக்கத் தோன்றும்.

நகைப்பை விட்டுவிட்டு ஆணைகளின் மொழியைப் பாருங்கள். 1971இல் தேவகிநந்தன் பிரசாத்துக்கு உச்ச நீதிமன்றம் ஓய்வூதியக் கோரிக்கை குறித்து அளித்த நீதிப்பேராணை, இவ்வளவு தொகையைக் கொடு என்பதன்று. அவருடைய கோரிக்கையைச் சட்டப்படி முறையாகப் பரிசீலி என்பதே. அன்றிலிருந்து இன்றுவரை இவ்வகை ரிட் மனுக்கள் மிகப்பல இதே வாய்பாட்டில் முடிகின்றன: மனுதாரரின் விண்ணப்பத்தை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்துத் தக்க ஆணை பிறப்பிக்குமாறு அதிகாரிக்கு உத்தரவு. கோப்பு நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டு, முதலில் மறுத்த அதே மேசைக்குத் திரும்புகிறது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கோரிக்கையாளரை அனுப்பிவைத்ததும் அந்த மேசைக்குத்தான்.